தாலிக்கொடி வங்கியில், வட்டிக்காரர் வாசலில்: இவருக்கு எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தையிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் நேராக நிற்கும் எழுத்து போகப் போகப் பெருத்து, கடைசிப் பக்கத்தில் கோட்டை விட்டு வெளியே ஓடுகிறது. அதற்கான காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு வருடமாக அவருக்கு ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒரு மணித்தியாலம் ஆகுமாம். அந்த விரல்களால்தான் அவர் சட்டை தைத்துச் சம்பாதித்தார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை, சம்பளம் 85,000 ரூபா. சகோதரியின் தையலில் முன்பு மாதம் 40,000 வரை வந்தது. இப்போது 15,000 வந்தால் பெரிய காரியம். மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டுச் செலவைப் பார்ப்பது இவர்தான். கணவர் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எப்படி முடிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2022இல் சாமான் விலையும் மருந்து விலையும் ஒன்றாக ஏறியபோது முதலில் வளையல் வங்கிக்குப் போனது. 2 பவுன், 180,000 ரூபா. அதன்பின் 5 பவுன் தாலிக்கொடி, 400,000. கழுத்தில் இருப்பது கவரிங். கணவர் இன்றுவரை கவனிக்கவில்லை. பினான்ஸ் கம்பனியில் எடுத்த கடனுக்கு வத்தளையில் இருக்கும் தங்கை பிணை நின்றிருக்கிறார். அதில் 240,000 பாக்கி, இரண்டு தவணை தவறிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டில் முதலிலேயே காசை எடுத்துவிட்டதால், இன்னும் ஏழு மாதம் 15,000 படி கட்ட வேண்டும்.

கடைசியாகப் பத்து வட்டி, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து. வட்டிக்காரர் ஒருவரிடம் 200,000 கேட்க, முதல் மாத வட்டி 20,000ஐக் கழித்துக்கொண்டு 180,000 தந்தார். அதற்காக இவர், கடனைத் திருப்பித் தருவேன் என்று எழுதும் புரோநோட்டு இரண்டில், ஒன்றும் நிரப்பாமல் வெற்றாகக் கையெழுத்து வைத்தார். பிறகு 13 மாதம் 20,000 படி கொடுத்திருக்கிறார், ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. முதல் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி காலை பதினொரு மணிக்கு, கணவர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து வட்டிக்காரர் வருகிறார். போன மாதம் வந்தபோது, "உரும்பிராயில் உங்கட அம்மா தந்த இரண்டு பரப்புக் காணியை என்ர பேருக்கு எழுதித் தாங்கோ, வட்டியை நிறுத்துறன். ஒரு வருஷத்தில காசு தந்தால் திருப்பி எழுதுறன்" என்று சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் பொலிசுக்குப் போவாராம்.

சகோதரி கேட்பது இவ்வளவு: "இவருக்குத் தெரியாமல் அந்தக் காணியை எழுதிக் கொடுக்க ஏலுமா மிஸ்? இவருக்குப் பிரஷர் இருக்கு. என்ர வருத்தத்தால வந்த கடன் இது. நான் மருந்தை நிறுத்தித்தான் சமாளிக்கிறன். நாலு மாதமாகக் கிளினிக் போகேல்லை. சில இரவுகளில் நான் இல்லாவிட்டால் எல்லாம் முடிஞ்சிடும் எண்டு தோன்றுது."

அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். காணியும் புரோநோட்டும் ஒரு கிழமை பொறுக்கும், இது பொறுக்காது. அப்படித் தோன்றும் இரவில் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம், எந்த நேரமும் ஆள் இருக்கும், தமிழிலும் பேசலாம். முடிந்தால் இன்றைக்கே தங்கையிடமும் அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். கடன் கதை முழுவதையும் இன்றே சொல்ல வேண்டும் என்றில்லை, "இரவில எனக்கு இப்படித் தோன்றுது" என்பது போதும். கிளினிக்கில் டொக்டரிடமும் சொல்லுங்கள். நீண்ட கால வலியோடு இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கடிதத்தில் "பதினைந்து இலட்சத்துக்கு மேலே போயிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்த தொகைகளை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். அடகு 580,000, பினான்ஸ் 240,000, சீட்டு 105,000, வட்டிக்காரரின் முதல் 200,000. மொத்தம் 1,125,000. அடகு வட்டியும் தவறிய தவணைகளின் தண்டமும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். சின்னத் தொகை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. கூட்டாத கடன் இரவில் வளரும்.

அடுத்தது, வருத்தத்தால் வந்த கடன் என்கிறீர்களே, அதையும் உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம். கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்க மாதம் 7,000 போனது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பத்து வட்டிக்கு மாதம் 20,000 போகிறது. 180,000 வாங்கி 260,000 கொடுத்த பிறகும் 200,000 கடன் நிற்கிறது. நோய் உங்கள் தையல் வருமானத்தைக் குறைத்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த 13 மாதமும் வீட்டைக் கரைத்தது வட்டி. ஏன் அவரிடம் போனீர்கள் என்பதற்கும் நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: "வங்கியில கேட்டால் இவருக்குத் தெரிஞ்சுபோகும்." ஆக, அந்த 260,000 ரூபாவும் கணவருக்குத் தெரியாமல் இருப்பதற்காகக் கொடுத்த காசு. காணியையும் அதே கணக்கில் சேர்த்துவிட வேண்டாம் என்றுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உரும்பிராய்க் காணி

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: கணவருக்குத் தெரியாமல் எழுத முடியாது.

நீங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தவர், உறவும் வீடும் இன்னும் அங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்கிறேன். கொழும்பில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தீர்கள் என்பதற்காக மட்டும் அது கழன்றுவிடாது. 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச்சட்டத்தின்படி, அம்மா தந்த காணி உங்கள் தனிச் சொத்து. ஆனால் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்ற, கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுதுவதற்குச் சம்மதம் வேண்டாம், நகை போன்ற அசையும் சொத்தை விற்பதற்கும் வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்திய இந்த ஏற்பாடு இன்னும் மாறாமல் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெண் தன் காணியைத் தானே விற்க முடியாதா என்று புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் நாங்கள் எத்தனையோ தரம் பேசியிருக்கிறோம். இருந்தாலும் இன்றைக்குச் சட்டம் இதுதான். கணவர் விட்டுப் போய்விட்டார், நியாயமில்லாமல் மறுக்கிறார் என்பது போன்ற நிலைகளில் மாவட்ட நீதிமன்றத்திடம் போய்ச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு கேட்கலாம். உங்கள் கதை அது இல்லை.

கிழக்கிலோ மலையகத்திலோ பிறந்த வாசகிகள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். உங்கள் கணவரும் தேசவழமைக்கு உட்படாதவர் என்றால் அது உங்களைக் கட்டாது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரில் உள்ள காணியை நீங்களே விற்கலாம்.

"அந்தக் கையெழுத்தெல்லாம் வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச நொத்தாரிசு எழுதித் தருவார்" என்று வட்டிக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். அப்படி எழுதும் உறுதி பின்னால் வழக்கில்தான் முடியும், அந்த வழக்குச் செலவுக்கு இன்னொரு பத்து வட்டி தேட வேண்டி வரும்.

கணவர் சம்மதித்தாலும்கூட இந்த முறையில் எழுதாதீர்கள். "எழுதித் தாங்கோ, பிறகு திருப்பி எழுதுறன்" என்ற பேச்சை முப்பது வருடத்தில் எத்தனை வாயில் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அவர் கேட்பது காணியைக் கடனுக்குப் பிணையாக வைக்கும் ஈடு இல்லை, முற்றாக விற்றுவிடும் அறுதி உறுதி. திருப்பித் தருவேன் என்ற வாக்கு உறுதியில் எழுதப்படாமல் வாயோடு நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் காணியை விற்றுவிட்டீர்கள். இது விற்பனை இல்லை, கடனுக்கான பிணைதான் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வழி இல்லாமல் இல்லை, ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்காகும். என்னிடம் வந்த ஒரு அம்மா மூன்று இலட்சத்துக்காக அப்படி எழுதிக் கொடுத்தார். காசைச் சேர்த்துக்கொண்டு போனபோது காணி மூன்றாம் ஆளின் பெயரில் இருந்தது. அந்த வழக்கு முடியுமுன் அவரே போய்விட்டார்.

எப்போதாவது காணியை வைத்துக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முறையான ஈட்டு உறுதியாக எழுத வேண்டும். மீட்கும் நிபந்தனையோடு கைமாற்றுவதானால், அந்த நிபந்தனையும் தவணையும் உறுதியிலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டு வகைக்கும்தான் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை உதவும். அங்கேயும் மீட்கும் தவணை முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனை எழுதாத அறுதி உறுதியோடு போனால் சபையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பொலிஸ், புரோநோட்டு, பத்து வட்டி

பொலிசுக்குப் போவேன் என்ற பேச்சுக்குப் பயந்து இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கடனைத் திருப்ப முடியாமல் போவது குற்றம் இல்லை, அது சிவில் விவகாரம். பொலிஸ் கடன் வசூலிக்கும் இடமும் இல்லை. இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்: செக் ஏதும் எழுதிக் கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. கணக்கில் காசில்லாமல் செக் எழுதிக் கொடுத்தால் அது குற்ற வழக்காகும், என் பதிலும் வேறாகும். கொடுக்கவில்லை என்றால் இனியும் கொடுக்காதீர்கள். கணவரின் செக் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

புரோநோட்டைப் பற்றி 1918ஆம் ஆண்டிலிருந்தே கடன் கொடுத்தல் கட்டளைச்சட்டம் ஒன்று இருக்கிறது. உண்மையில் எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது, முன்கூட்டியே வட்டியாக எவ்வளவு கழிக்கப்பட்டது, ஆண்டு வட்டி வீதம் என்ன என்ற மூன்றும் புரோநோட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை வைத்து நீதிமன்றத்தில் காசு கேட்க முடியாது. தவறுதலாக விடுபட்டது, ஏமாற்றும் எண்ணமில்லை என்று நீதிமன்றம் கருதினால் மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கையெழுத்து வைத்தது வெற்றுத் தாள். 180,000 தந்துவிட்டு 200,000 என்றோ, அதைவிடக் கூட்டியோ அவர் எழுதியிருந்தால், அதை விளக்க வேண்டியவர் அவர்தான். மாதம் பத்து வீதம் என்றால் ஆண்டுக்கு 120 வீதம். வட்டி அளவுக்கு மிஞ்சியது, கடன் முறை கொடுமையானது என்று கண்டால் நீதிமன்றம் பழைய கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். நிலுவை வட்டி எந்த நேரத்திலும் முதலை மிஞ்சக் கூடாது என்ற விதியும் 1852ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வங்கிகளுக்கு அதில் விலக்கு உண்டு, வீடு வீடாக வரும் வட்டிக்காரருக்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு, இனி அவருக்கு ஒன்றுமே தர வேண்டாம் போல என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் 180,000 வாங்கியது உண்மை. 260,000 கொடுத்ததை நிரூபிக்கக் கையில் ஒரு துண்டும் இல்லை. இன்றைக்கே ஒரு கொப்பி எடுத்து, எந்த மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள், அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். "இந்த மாதக் காசு எங்கே" என்று அவர் கேட்டிருந்தால் அதுவே உங்களுக்குப் பற்றுச்சீட்டு மாதிரி.

இந்த அளவு தொகைக்கு அவர் நேரே நீதிமன்றம் போகவும் முடியாது, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அவர் போகும்வரை காத்திராமல் நீங்களே அங்கே விண்ணப்பிக்கலாம். செலவில்லை. எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் அங்கே வந்து பேச முடியாது என்பது சிலருக்கு ஆறுதலாகக்கூட இருக்கும். என் அபிப்பிராயம் இது: இதுவரை கொடுத்ததைச் சொல்லி, இனி வட்டி இல்லை, ஒரு தொகையைப் பேசி முடிப்போம், காசு கையில் கிடைக்கும் அன்றைக்கே இரண்டு புரோநோட்டையும் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். வாசலில் நின்று சத்தம் போட்டாலோ மிரட்டினாலோ முறைப்பாடு செய்ய வேண்டியவர் நீங்கள்.

எந்தக் கடனை முதலில் கட்டுவது

இதுவரை சத்தமாகக் கேட்டவருக்கு முதலில் கொடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான். அதனால்தான் 20,000 தவறாமல் வட்டிக்காரருக்குப் போயிருக்கிறது, ஒரு வார்த்தை பேசாத தங்கையின் தலையில் இரண்டு தவணை ஏறியிருக்கிறது.

அந்த 20,000 நின்றால் பினான்ஸ் தவணைக்கு வழி பிறக்கும். தவணை தொடர்ந்து தவறினால் கம்பனி பிணையாளியிடம் போகும், கொடுகடன் தகவல் பணியகம் தரும் தங்கையின் கிரிப் அறிக்கையிலும் அது விழும். நாளைக்கு அவர் ஒரு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் பெயர் அங்கே நிற்கும். ஆகவே இந்தக் கிழமையே கம்பனிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று எழுதி, கிளினிக் கொப்பியின் பிரதியை இணைத்து, உங்கள் பிரதியில் பொறுப்பேற்ற முத்திரையும் திகதியும் வாங்குங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. நாடே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று உலகத்துக்குச் சொல்லி, பிறகு மறுசீரமைப்புக்கு உட்கார்ந்தது. தவணை நீட்டிக் கேட்க நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சீட்டை விடாமல் கட்டுங்கள். அதில் இனி வட்டி ஏறாது, ஏழு மாதத்தில் முடியும். முக்கியமாக அது அயலவரின் காசு.

அடகுக்கு வருகிறேன். தவணை முடிய இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். வளையலை விற்பதா என்று யோசித்துக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் விற்கச் சொல்வேன். நீங்கள் அடகு வைத்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் தங்கம் மிகவும் ஏறிவிட்டது. 2 பவுனை மீட்டு விற்றால், அடகுக் காசும் வட்டியும் போக மிஞ்சுவதே வட்டிக்காரரின் முதலை அடைக்கக் காணக்கூடும். செட்டியார் தெருவில் ஒரு கடையோடு நிற்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். மீட்பதற்கான காசை ஒரு நாளுக்குக் கைமாற்றாகத் தங்கையிடம் கேட்கலாம், விற்ற கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். வளையல் அசையும் சொத்து, அதை விற்கும் உரிமை உங்களுடையது. தாலிக்கொடியை என்ன செய்வது என்பதை நான் சொல்ல மாட்டேன். அது நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது.

கணவரின் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கலாமாமே என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். பத்து வருடமாவது பங்களிப்புச் செய்து, கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் மருத்துவச் சிகிச்சைக்கும் மட்டும், கடன் அடைப்பதற்கு இல்லை. அதோடு விண்ணப்பிக்க வேண்டியவர் அவர். இதிலும் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

மருந்து

நான் டொக்டர் இல்லை. ஆனால் இதைக் கடன் கணக்கிலேயே சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாதத்தில் மருந்தை விட்டால் வலி திரும்புவதோடு நிற்காது, மூட்டே தேய்ந்து கோணிப்போகும். அப்படிப் போன மூட்டு பிறகு மருந்தால் பழைய நிலைக்கு வராது என்று டொக்டர்கள் சொல்கிறார்கள். மாதம் 7,000 மிச்சம் பிடிக்கப் போய் 40,000 உழைத்த விரல்களைப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

மீதம் இருக்கும் குளிசைகளை நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். கிழமைக்கு ஒரு தரம் மட்டும் போடும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்து உங்கள் பட்டியலில் இருக்கிறது, அதற்கு இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. நான்கு மாதம் வரவில்லை என்று நர்ஸ் ஏசக்கூடும், ஏசட்டும். காசில்லாமல் விட்டேன் என்று டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் மருந்துக்கு மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பாமசிக்கு முன் அரசின் மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள்.

இவருக்குச் சொல்வது

முதலில் ஒன்று கேட்க வேண்டும். அவர் கைநீட்டுபவரா? கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை, பிரஷர் என்றுதான் இருக்கிறது. கைநீட்டுபவர் என்றால் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டாம், தங்கையையும் மைத்துனரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். குடும்ப வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது.

பயம் அவருடைய பிரஷருக்காக மட்டும் என்றால் இதை யோசித்துப் பாருங்கள். வட்டிக்காரருக்கு அவருடைய கடை தெரியும். ஒரு நாள் புறக்கோட்டையில், முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் முன்னால், முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து இதைக் கேட்பதை அவருடைய நெஞ்சு தாங்குமா? உங்களிடமிருந்து கேட்பது அதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்து களைத்து வரும் இரவில் சொல்ல வேண்டாம். கடை பூட்டியிருக்கும் ஒரு போயா நாளில், காலைச் சாப்பாடும் அவருடைய பிரஷர் குளிசையும் முடிந்த பிறகு சொல்லுங்கள். மகளை வெளியே அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. அவளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அம்மா மருந்து போடாமல் இருப்பதை ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளை கவனிக்காமல் இருக்காது.

கையில் ஒரு தாளோடு உட்காருங்கள். நான் மேலே கூட்டிய கணக்கை உங்கள் எழுத்தில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, எப்போது, எதற்கு. அடகுத் துண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். கழுத்தில் இருப்பது கவரிங் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். என்னிடம் வருகிற பெண்களில் பலர் இந்த இடத்தில் ஒரே பிழையைச் செய்கிறார்கள். ஆண்களும்தான். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை ஒளிக்கிறார்கள். பினான்ஸ் கடனைச் சொல்வார்கள், பத்து வட்டியை விழுங்குவார்கள். முதல் தரம் கேட்டபோது தாங்கிக்கொண்ட மனிதர், மூன்று மாதம் கழித்து மீதி வெளியே வரும்போது, "இன்னும் என்ன மிச்சம் இருக்கு" என்று கேட்டுக் கதவைச் சாத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் ஒரே இருப்பில் சொல்லுங்கள்.

ஏசுவார். இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்களும் ஒன்று சொல்லலாம், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்: மாதம் முடிய 85,000இல் வீடு எப்படி நடந்தது என்று மூன்று வருடமாக அவர் ஒரு தரமும் கேட்கவில்லை. குற்றம் சாட்டுவதற்காக இல்லை. அடுத்த மாதத்திலிருந்து சம்பள நாளில் இருவரும் அரை மணித்தியாலம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

வழக்கென்று ஏதாவது வந்தால், கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அடகுத் துண்டுகள், பினான்ஸ் ஒப்பந்தம், காணி உறுதியின் பிரதி, நான் எழுதச் சொன்ன கொப்பி, இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். காணியின் மூல உறுதி இப்போது எங்கே இருக்கிறது? வட்டிக்காரரிடம் பார்க்கக் கொடுத்திருந்தால் உடனே திருப்பி வாங்குங்கள்.

போயாவுக்கு முன்னரே 5ஆம் திகதி வந்துவிட்டால், பதினொரு மணிக்கு அவர் வாசலில் நிற்கும்போது காசும் கொடுக்க வேண்டாம், காணிப் பேச்சும் வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, இவரும் வீட்டில நிற்பார்" என்று மட்டும் சொல்லுங்கள்.